டாஸில் ஜெயித்த மைதானம்

மூன்று பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். நான் மேற்கே காட்டினேன். லூர்து வடக்கே காட்டினான். செல்லையா முதலில் மேற்கே காட்டினான், பிறகு அதே கையைத் திருப்பி வடக்கேயும் காட்டினான்.

பங்குனி வெயில். இலத்தூர் போகிற சாலையிலிருந்து இறங்கி ஒரு கூப்பிடு தூரம் நடந்தால் வருகிற தரிசு நிலம் அது. ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. சர்வேயர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பாட்டிலில் கொண்டுவந்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சர், சுண்ணாம்புப் பொடி வாளியோடு நின்று எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, கோல் போஸ்ட் எங்கன இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் அளந்துக்கிடுதேன்.”

எவ்வளவு சின்னக் கேள்வி! நாங்கள் மூவரும் அந்த மைதானத்தில் வருடக்கணக்காக ஓடியவர்கள். சொந்த வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மூன்று பிள்ளைகள் மூன்று பதில் சொன்னது போல ஆகிவிட்டது.

குற்றாலத்து லாட்ஜ் கதைகளையே வாரா வாரம் எழுதுகிறீரே, நீர் பந்து ஆடியவர் என்று ஒரு வரி வந்ததே, அது என்னாயிற்று என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால், நான் ஆடினேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பனியனில் இருந்த பெயர்

எங்கள் கிளப்பின் பெயரில் இருந்தே குழப்பம் தொடங்கும். எங்களுக்குப் பனியன் வாங்கிக்கொடுக்கும் கடையின் பெயர்தான் அந்த வருடம் கிளப்பின் பெயர். ஒரு வருடம் பாத்திரக் கடை, ஒரு வருடம் உரக்கடை, ஒரு வருடம் அப்பளக் கம்பெனி. அப்பளப் பனியன் போட்டுக்கொண்டு வெளியூரில் ஒரு ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். ஒலிபெருக்கிக்காரன் அப்பளம் நொறுங்கிய கதையைக் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஆனால் மைதானம் மட்டும் ஒன்றுதான். அதை நாங்கள் ஸ்டேடியம் என்போம். தெற்கே வாய்க்கால் கரை இருந்தது, அது கேலரி. கிணற்று மோட்டார் ரூம், டிரெஸ்ஸிங் ரூம். கோல் போஸ்ட் என்பது இரண்டு தைலமரக் கம்பு. மேலே குறுக்கே கட்டை கிடையாது, தேங்காய்நார்க் கயிறுதான். பந்து கயிற்றுக்கு மேலே போயிற்றா, கீழே போயிற்றா என்று தீர்ப்புச் சொல்வதற்குள் ரெஃபரிக்கு இரண்டு பக்கமும் உறவு அறுந்துபோகும்.

நிலம் பக்கத்துப் பண்ணை வீட்டாருடையது. அந்த வீட்டுப் பெரியவருக்குப் பந்து பிடிக்கும். ஆடத் தெரியாது, பார்க்கப் பிடிக்கும். வாய்க்கால் கரையில் குடைபிடித்து உட்கார்ந்திருப்பார். கோல் விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் கைதட்டுவார். அவரிடம் குத்தகைக்கு உழுதவர் செல்லையாவின் அப்பா. அப்படித்தான் எங்களுக்கு அந்த இடம் கிடைத்தது.

செல்லையா எங்கள் சென்டர் ஃபார்வர்ட். இலத்தூர்க்காரன். உழவு, நாற்று, மடை, பந்து, இவ்வளவுதான் அவன் உலகம். பேச்சு குறைவு. நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்பான். பந்து காலில் வந்துவிட்டால் மட்டும் எவனையும் மதிக்கமாட்டான்.

லூர்து கோல்கீப்பர். தென்காசிக்காரன். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து அப்படியே பட்டாளத்துக்குப் போனான். கோல் பிடிப்பதே பட்டாளத்தில் கற்றதுதான். லீவில் வரும்போதெல்லாம் எங்கள் கோலில் நிற்பான். இப்போதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உட்காருவான்.

நான் ரைட் ஹாஃப். இருபது வயதில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் கவுண்டரில் சேர்ந்து, அதற்குப் பிறகு பந்து ஆட வந்தவன், மேனேஜராக இருந்து போன வருடம்தான் வெளியே வந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துத்தான் பிறகு விவகாரம் ஆயிற்று.

மற்ற ஆட்டக்காரர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிலர் பிழைக்கப் போன ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பழைய ஆட்களில் ஊரில் மிச்சம் நாங்கள் மூன்று பேர்தான்.

எல்லை எழுதாத உயில்

பெரியவர் காலமாகி எத்தனையோ வருடம் கழித்து, அவருடைய பேரன் சென்னையிலிருந்து வந்தார். நிலத்தைப் பிளாட் போட்டு விற்பதாக ஏற்பாடு. அப்போது உயிலை எடுத்துப் படித்தால் அதில் ஒரு வரி இருந்திருக்கிறது. பையன்கள் பந்து விளையாடுகிற இடம் நீங்கலாக மற்றதைப் பிள்ளைகள் அனுபவித்துக்கொள்ளலாம் என்று.

நல்ல மனிதர், எழுதிவைத்துவிட்டார். நான்கெல்லை எழுதவில்லை. அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. அவர் தினமும் பார்த்த இடம்தானே.

பேரனும் நல்லவர்தான். “தாத்தா வாக்க மீற மாட்டேன். அந்த எடத்த விளையாட்டுக்கே விட்டுருதேன். ஆனா எது அந்த எடம்னு நீங்கதான் காட்டணும். வக்கீல் மூணு சாட்சி கேக்காரு” என்று சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா டீச்சருக்கு வாயெல்லாம் பல். அவருடைய பிள்ளைகள் அதுவரை வாடகை வேன்கள் நிறுத்துகிற ஒரு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து வண்டிக்கு அடியில் போனால் டிரைவரை எழுப்பித்தான் எடுக்கவேண்டும்.

சாட்சி சொல்ல நாங்கள் போனோம். போன இடத்தில் அடையாளம் என்று ஒன்றுகூட இல்லை. வாய்க்காலைச் சிமெண்டில் இழுத்து வேறு பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். மோட்டார் ரூம் இடிந்து மண்ணாகிவிட்டது. நடுவில் யாரோ தென்னை வைத்து, அதுவும் பட்டு, நிலம் முழுக்க ஒரே கட்டாந்தரை.

நாற்று நட்ட இடத்தில் கோல்

“ஏலே, கெழக்க மேக்கதாம்லே கிரவுண்டு” என்று நான்தான் ஆரம்பித்தேன். “சாயங்காலம் மலைக்கு மேல சூரியன் நிக்கும். மேக்க பாத்து ஓடுனா கண்ணத் தொறக்க முடியாது. மறந்துட்டியா?”

லூர்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். “வெயிலா? நம்ம கிரவுண்டுல எங்கலே வெயிலு? ஈரத்துல வழுக்கி விழுந்துல்லா என் முழங்காலு போச்சு. மலை எனக்கு எப்பவும் பக்கவாட்டுலதான் இருக்கும். வடக்க தெக்க. எழுதி வச்சுக்கோ.”

“வடக்க நெல்லுல்லா நின்னுச்சு! பந்து வயலுக்குள்ள போயிரும், செல்லையாதான் எறங்கி எடுப்பான்.”

“நெல்லா? அங்கனதாம்லே என் கோல் போஸ்ட்டே. நெல்லுக்குள்ள நின்னா நான் கோல் பிடிச்சேன்?”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றோம். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்த நெல்லின் பச்சை இப்போதும் கண்ணில் நிற்கிறது. பந்தில் ஒட்டியிருந்த சேற்றின் வாடைகூட நினைவிருக்கிறது. இந்தப் பட்டாளத்தான் அதை இல்லை என்கிறானே!

செல்லையாவைக் கேட்டோம். அவன், கூட வந்திருந்த பண்ணை வீட்டுப் பேரனுக்கு முன்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

“ரெண்டு பேரும் சொல்லுதது சரிதான்” என்றான்.

“அதெப்படிலே ரெண்டும் சரியாகும்? வடக்க நெல்லா, கோலா?”

“நெல்லுந்தான். கோலுந்தான். அங்கன நான் நாத்தும் நட்டுருக்கேன், அங்கனயே கோலும் போட்டுருக்கேன்.”

சர்வேயர் மோரைத் துப்பிச் சிரித்தார். செல்லையா எங்களைப் பார்த்து, “அது காத்துக்குத் தக்கன மாறும்லா…” என்று இழுத்தான்.

“கிரவுண்டு என்ன பட்டமாலே, காத்துக்குத் தக்கன மாறுததுக்கு?” என்றான் லூர்து.

எல்லோரும் சிரித்தோம். ஜெசிந்தா டீச்சர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரத்தில் அங்கே ஒரு சொட்டுக் காற்று இல்லை. செல்லையாவும் கூடவே சிரித்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அவன் அப்பா கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, சொந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, “இது யாரு வீடு?” என்று கேட்டவர். ஊருக்கே தெரியும். செல்லையா அவரைத் தூக்கிச் சுமந்து பார்த்தவன். அதனால் பேரன் மெதுவாக என் காதில், “ஐயாவுக்கும் கொஞ்சம் அப்படித்தான் போலிருக்கு” என்றபோது, நானும் தலையாட்டினேன்.

டாஸ்

ஊருக்குள் டீக்கடையில் போய்க் கேட்டோம். கேட்டிருக்கவே கூடாது. கிழக்கு மேற்கு என்று பாதிப் பேர், வடக்குத் தெற்கு என்று பாதிப் பேர். ஒருவர் மட்டும், மைதானமே அங்கே இல்லை, குளத்துக்குள் இருந்தது என்று சத்தியம் பண்ணினார்.

பேரனுக்குச் சாயங்கால ரயில். “ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஒண்ணச் சொல்லுங்க” என்றார்.

லூர்து சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தான். “டாஸ் போட்ருவோம்” என்றான்.

வேறு யாராவது இருந்தால் இன்னொரு நாள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருப்பார்கள். பழைய ஆவணம் பார்த்திருப்பார்கள். நாங்கள் பந்து ஆடியவர்கள். மைதானத்தில் டாஸ் தோற்றவன் அதற்குமேல் பேசக்கூடாது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. லூர்து சுண்டினான், நான் தலை கேட்டேன், தலை விழுந்தது. லூர்து பட்டாள முறையில் என் கையைக் குலுக்கி, “சரிலே, கெழக்க மேக்க” என்றான்.

செல்லையா மட்டும், “டாஸ் போட்டா எடம் மாறுமாலே?” என்று கேட்டான். அந்த மத்தியானம் அறிவோடு பேசியவன் அவன் ஒருவன்தான்.

ஜெசிந்தா டீச்சர் சுண்ணாம்பு போட்டார். சர்வேயர் நான்கு கல் நட்டார். நானும் லூர்துவும் கையெழுத்துப் போட்டோம். செல்லையா போடமாட்டேன் என்றான். “நான் பாத்தது இது மட்டும் இல்லல்லா” என்றான். மூன்றாவது சாட்சி ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதித்தரச் சொன்னார் பேரன். எழுதியது நான்தான். ‘மூன்றாமவர் நினைவுத் தடுமாற்றம் உள்ளவர் ஆதலால் கையொப்பமிடவில்லை.’

எழுதியதை வாசித்துக் காட்டுவது லாட்ஜில் எனக்குப் பழக்கம். அன்றைக்கும் சத்தமாக வாசித்தேன். செல்லையா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் இலத்தூரைப் பார்த்து நடந்து போனான்.

நான் பார்க்காத ஆடி

ஆடியில் ஒரு நாள் ஜெசிந்தா டீச்சர் போன் பண்ணினார். “அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு மேட்ச் வருது. கிரவுண்டுக்கு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்.”

குரல் சரியில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனேன். சாலையிலிருந்து இறங்கியதும் குடை மேலே பார்த்துத் திரும்பிக்கொண்டது. கம்பி இரண்டு போயிற்று.

செங்கோட்டைப் பக்கம் மலை விலகிக் கிடக்கிற இடைவெளி வழியாகக் காற்று நேராக வருகிறது. சாரலும் கூடவே. மழை மேலிருந்து விழவில்லை, பக்கத்திலிருந்து அடித்தது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்குக் கோலில் நின்ற பெண் பந்தைத் தட்டிவிட்டாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்க் கோலுக்குள்ளேயே போட்டது. கிழக்கே நின்ற பெண் தன் பலம் முழுவதும் சேர்த்து உதைத்தாள். பந்து மேலே போய், கொஞ்ச நேரம் நின்று யோசித்து, திரும்பி வந்து அவள் தலைக்கு மேலேயே பின்னால் போயிற்று.

“எந்தப் புண்ணியவான் அண்ணாச்சி இந்த ஊருல கெழக்க மேக்க கிரவுண்டு போட்டான்?” என்றார் டீச்சர்.

“நான்தான்” என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஆயுளில் அந்த நிலத்தில் ஆடி மாதம் நான் கால் வைத்ததே இல்லை. ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சீசன். அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டால் லாட்ஜ்காரனுக்கு லீவு கிடையாது. ஆவணி முடிகிறவரை கவுண்டருக்குப் பின்னால் பாய் விரித்துப் படுப்பேன். அறை இல்லை, அறை இல்லை என்று சொல்லியே தொண்டை கட்டிவிடும். நான் ஆடியதெல்லாம் ஐப்பசியிலும் மார்கழியிலும் மாசியிலும்தான்.

சாரலில் நனைந்துகொண்டே லூர்துவுக்குப் போன் பண்ணினேன்.

“லூர்து, நீ மார்கழியில என்னைக்காவது இங்கன ஆடியிருக்கியா?”

“மார்கழியிலயா? மார்கழியில நான் ராஜஸ்தான்ல கெடந்தேன். லீவு எடுத்தா சீசனுக்குத்தான் எடுப்பேன், அருவியில குளிக்கணும்லா. ஏன்?”

“அப்ப நீயும் நானும் ஒரே மேட்சுல ஆடியிருக்கோமா?”

அவன் மாதங்களை முணுமுணுத்துப் பார்ப்பது கேட்டது. பிறகு, “நீ அந்தக் கார்னர் அடிச்சு, நான் பிடிச்சு…” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டான். “ஏலே முத்து, அது எந்த மேட்சுலே?”

எந்த மேட்சும் இல்லை. லீவில் வரும்போது அவன் அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெய் வாசத்தோடு என் லாட்ஜ் கவுண்டரில் வந்து நிற்பான். முந்தின நாள் ஆட்டத்தைச் சொல்வான். நான் போன மாசி மாத ஆட்டத்தைச் சொல்வேன். முப்பது வருடம் இப்படியே சொல்லிச் சொல்லி, எவன் ஆடினான், எவன் கேட்டான் என்பது கலந்துபோயிற்று. ஒருவரோடொருவர் ஆடாமலே நாங்கள் ஒரே டீமாக இருந்திருக்கிறோம்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் எழுதினேனே, அதில் எது நடந்தது, எது கவுண்டரில் கேட்டது? இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காற்றடிக்கிற மாதங்களில் மைதானத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால்தான் காற்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும். பன்னிரண்டு மாதமும் அங்கே இருந்தவன் ஒருவன்தான். அவனைத்தான் நினைவு சரியில்லாதவன் என்று எழுதிக் கொடுத்தேன்.

நாள்காட்டித் தாள்கள்

மறுநாள் லூர்துவும் நானும் இலத்தூர் போனோம். போவதற்கு முன் சென்னைக்குப் பேசினேன். பேரன் பொறுமையாகக் கேட்டார். “அப்படின்னா ரெண்டு எடமுந்தான் தாத்தா சொன்ன எடம். வடக்க உள்ளத இன்னும் விக்கல. ஆவணி பொறந்ததும் பத்திரம் எழுத ஆளு வருது. அதுக்குள்ள மூணு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அந்த ஐயாவும் போடணும்” என்றார். பிள்ளைகளுக்குக் காற்றிலும் ஆடுகிற மாதிரி ஒரு மைதானம் கிடைத்துவிடும் என்று துள்ளிக்கொண்டு போனேன்.

செல்லையாவின் மனைவி பொன்னுத்தாய் வாசலிலேயே எங்களைத் தடுத்து, குரலைத் தணித்துப் பேசினாள்.

“அண்ணாச்சி, பங்குனிக்குப் பொறவு இவுக ஆளே மாறிட்டாக. எதையும் நம்ப மாட்டேங்காக. மடையத் தொறந்துட்டு வந்து, தொறந்தேனான்னு என்கிட்ட கேக்காக. நான் வீட்டுல இருந்தவ, எனக்கு என்ன தெரியும்? இப்ப வயலுக்கே போறதில்ல.”

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். பக்கத்தில் நாள்காட்டியில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு. எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தான். ‘மாடு தண்ணி குடிச்சது.’ ‘பல்லு விளக்கியாச்சு.’ ‘முருகையா வந்தான், நூறு ரூவா குடுக்கல, சும்மா வந்தான்.’

மேலே படிக்க முடியவில்லை. லூர்து திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ், லீவு, காற்று, பந்து திரும்பி வந்தது, எல்லாம். நீ சொன்னதுதான் சரி என்றேன். கடைசியில், “வடக்க நெல்லு நின்னதும் உண்டுதான?” என்று கேட்டேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். “அது ஒருபோக வயலுல்லா அண்ணாச்சி” என்றாள் பொன்னுத்தாய். “பிசான போகத்துக்கு நடுவோம், தையில அறுப்போம். கார் போகத்துல சும்மாதான் கெடக்கும். சீசனுக்கு இவுக அங்கனதான் கம்ப ஊனுவாக. புரட்டாசியில புடுங்கிட்டு உழுவாக. நான் கஞ்சி கொண்டு போயிருக்கேனே.”

இவ்வளவுதான் விஷயம். ஒருவர், ஒரே ஒரு தடவை, அவளிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும்.

செல்லையா எங்களைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதாக இல்லை. அவன் அப்பா ஏதாவது உளறும்போது, “ஆமாய்யா, சரிய்யா” என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்கிற சிரிப்பு அது.

“நல்லாத்தான் இருக்கு முத்து, நீ சொல்லுதது. ரெண்டு பேரும் மழையில இம்புட்டுத் தூரம் எனக்காக வந்திருக்கிய. மனசுக்குச் சந்தோசம். எங்க அய்யாவுக்கும் நாங்க இப்படித்தான் சொல்லுவோம். அவரு சொன்னதெல்லாம் சரிம்போம்.”

“ஏலே, சத்தியமாலே” என்றான் லூர்து. குரல் உடைந்துவிட்டது.

“அழாதலே பட்டாளம். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினான். “அன்னைக்கு எழுத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, வாசிச்சும் காட்டுன. இப்ப வாயால வேற சொல்லுத. எதன்னு நான் எடுத்துக்கிடுவேன்?”

கையெழுத்துக்காகக் கொண்டுபோன காகிதத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தாலும், நினைவு தப்பினவன் கையெழுத்து செல்லுமா என்று அவன் கேட்டிருப்பான். பொன்னுத்தாய் காப்பி கொடுத்தாள். குடித்தோம். காப்பி கொடுத்ததை அவன் ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

செல்லையாவுக்கு

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மீதியை அவனிடம்தான் சொல்லவேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இதழ் கடைக்கு வந்ததும் லூர்து வாங்கிக்கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பான்.

செல்லையா, எழுத்தில் சொன்னதை எழுத்தில்தான் திருப்ப வேண்டும் என்றால் இதோ எழுதுகிறேன். நீ நாற்று நட்ட இடமும் நீ கோல் போட்ட இடமும் ஒன்றுதான். வருடத்தில் பாதியை மட்டும் பார்த்த இரண்டு பேர் சேர்ந்து, முழுதும் பார்த்தவனைப் பார்த்துச் சிரித்தோம். காசைச் சுண்டிப் போட்டு உண்மையை முடிவு செய்தோம். நினைவுத் தடுமாற்றம் என்று நான் எழுதியது பொய். தெரியாமல் எழுதினேன் என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நீ காற்று என்று சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை. என் பெயர் முத்து. இது என் கையெழுத்து.

ஆவணிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போடுத பேப்பரோட வருதோம். போடுததும் போடாததும் உன் இஷ்டம்லே, டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஆனா நாளைக்குக் காலையில மடையத் தொறக்கப் போ. தொறந்தேனான்னு யாருகிட்டயும் கேக்காத. நீ தொறந்திருப்பே.